ஜான்சனுக்குப் பதில் ஆள் பார்க்க இரண்டு மாதம், ட்ரஸ்ஸுக்குப் பதில் பார்க்க ஐந்து நாள்: ஏன்?

கேள்வி கேட்டவர் இலங்கையையும் பிரிட்டனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்டிருக்கிறார். 2022 ஜூலை 14-ஆம் தேதி இலங்கை ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச ராஜினாமா கடிதம் அனுப்பினார். 20-ஆம் தேதியே நாடாளுமன்றம் கூடி ரணில் விக்கிரமசிங்கவைத் தேர்ந்தெடுத்துவிட்டது. அதே ஜூலை 7-ஆம் தேதி பிரிட்டிஷ் பிரதமர் போரிஸ் ஜான்சன் விலகப்போவதாகச் சொன்னார். லிஸ் ட்ரஸ் பிரதமரானபோது செப்டம்பர் 6. அப்புறம் ட்ரஸ் விலகுவதாகச் சொன்னது அக்டோபர் 20, ரிஷி சுனக் பதவியேற்றது 25. “ஒரே கட்சி, ஒரே வருடம். ஒரு தடவை இரண்டு மாதம், இன்னொரு தடவை ஐந்து நாள். வேண்டுமென்றே இழுத்தார்களா? அந்த இரண்டு மாதமும் நாட்டை யார் நடத்தினார்கள்?” என்று முடிக்கிறார். ஓட்டு எண்ண இவ்வளவு நாளா என்று கேட்பது போலத் தெரிந்தாலும், அவருடைய சந்தேகம் அதுவல்ல. இந்தத் தாமதம் யாருடைய முடிவு என்பதுதான் கேள்வி.

நான் எங்கிருந்து பேசுகிறேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் தொழிற்சங்கங்களுக்கும் உறுப்பினர் சங்கங்களுக்கும் தபால் ஓட்டெடுப்பு நடத்திக் கொடுக்கும் வேலையில் பல வருடம் இருந்தவன். பட்டியலைச் சரிபார்ப்பது, உறை போடுவது, திரும்பி வந்ததை எண்ணுவது இதெல்லாம் எனக்குக் கைப்பழக்கம். அப்போது ஆண்ட, இந்த மூன்று பிரதமர்களின் கன்சர்வேடிவ் கட்சிக்குள் எனக்கு வேலையும் இல்லை, ஆளும் இல்லை. அதனால் மூடிய கதவுக்குள் யார் யாரிடம் என்ன பேரம் பேசினார்கள் என்பது பற்றி நான் சொல்வதெல்லாம் வெளியில் தெரிந்த எண்களிலிருந்து ஊகிப்பதுதான்.

சந்தேகமே இல்லாத விஷயம் ஒன்று உண்டு. பிரிட்டனின் சட்டத்தில் பிரதமரை மாற்ற ஒரு காலைப்பொழுது போதும். செப்டம்பர் 6 அன்று ஜான்சன் ஸ்காட்லாந்தில் பால்மோரல் மாளிகைக்குப் போய் ராணியிடம் ராஜினாமாவைக் கொடுத்தார். அவர் கிளம்பிய கொஞ்ச நேரத்தில் ட்ரஸ் வந்து இறங்கினார், பிரதமராக வெளியே வந்தார். அவ்வளவுதான் சடங்கு. மக்களவையின் நம்பிக்கை யாருக்கு இருக்கும் என்பது ஒன்றே அங்கே பார்க்கப்படுவது. கட்சி தன் தலைவரை எப்படித் தேர்ந்தெடுக்க வேண்டும், எத்தனை நாளில் முடிக்க வேண்டும் என்று நாட்டின் சட்டம் ஒரு வரி கூடச் சொல்லவில்லை. சட்டத்தின் பார்வையில் கட்சி என்பது சிலர் கூடி வைத்துக்கொண்ட தனிச் சங்கம். டார்ட்டாய்ஸ் என்ற செய்தி நிறுவனம், பிரதமரையே தேர்ந்தெடுக்கும் ஓட்டெடுப்பு எப்படித் தனியார் விவகாரம் ஆகும் என்று கேட்டு வழக்குப் போட்டது; உயர் நீதிமன்றம் 2023-இல் அதை ஏற்கவில்லை. ஆக, இரண்டு மாதமும் கட்சி தன் விதிப்படி தானே எடுத்துக்கொண்ட நேரம்.

இலங்கையில் ஆறு நாளில் முடிந்ததற்குக் காரணம், ஓட்டுப் போட வேண்டியவர்கள் 225 பேர், எல்லோரும் ஒரே மண்டபத்தில் உட்கார்பவர்கள். ஜனாதிபதி நடுவில் விலகினால் மிச்ச காலத்துக்கு நாடாளுமன்றமே ஆளைத் தேர்ந்தெடுக்கும் என்று அரசியலமைப்பு எழுதி வைத்திருக்கிறது. பட்டியல் தயார், முகவரி தேட வேண்டாம். ரணிலுக்கு 134 ஓட்டு, டலஸ் அழகப்பெருமவுக்கு 82, அநுர குமார திசாநாயக்கவுக்கு 3. காலையில் தொடங்கி மதியத்துக்குள் வேலை முடிந்தது. இந்தியாவிலும் இதைப் பார்த்திருக்கிறோம். 1966 ஜனவரி 11-இல் தாஷ்கண்டில் சாஸ்திரி காலமானார். காமராஜர் காங்கிரஸ் தலைவராக இருந்து காய் நகர்த்த, 19-ஆம் தேதி காங்கிரஸ் எம்.பி.க்கள் ஓட்டுப் போட்டு 355-க்கு 169 என்று மொரார்ஜியைத் தாண்டி இந்திரா ஜெயித்தார்.

பிரிட்டனும் ஒரு காலத்தில் இப்படித்தான் செய்துகொண்டிருந்தது. 1990 நவம்பர் 20 முதல் சுற்றில் பிரதமர் தாட்சருக்கு 204, அவரை எதிர்த்து நின்ற ஹெசல்டைனுக்கு 152. தாட்சர்தான் முன்னால் இருந்தார். ஆனால் விதி கேட்ட இடைவெளிக்கு நான்கு ஓட்டுக் குறைந்தது. 22-ஆம் தேதி விலகுவதாகச் சொன்னார், 27-ஆம் தேதி அடுத்த சுற்று, 28-ஆம் தேதி ஜான் மேஜர் பிரதமர். பதினோரு வருடம் ஆண்டவரை இறக்கி இன்னொருவரை ஏற்ற எட்டு நாள்தான் ஆயிற்று. ஏனென்றால் ஓட்டு எம்.பி.க்களிடம் மட்டும் இருந்தது.

அது மாறியது 1998-இல். 1997 தேர்தலில் மண்ணைக் கவ்விய பிறகு, வில்லியம் ஹேக் தலைமையில் கட்சி விதிகளைத் திருத்தினார்கள். எம்.பி.க்கள் போட்டியாளர்களை வடிகட்டி இரண்டு பேராக்க வேண்டும், அந்த இருவரில் யார் என்பதை நாடெங்கும் உள்ள சாதாரண உறுப்பினர்கள் முடிவு செய்ய வேண்டும். சந்தா கட்டி, வீடு வீடாகப் போய் நோட்டீஸ் கொடுப்பவனுக்கும் ஒரு ஓட்டு வேண்டாமா என்ற நியாயமான ஆசைதான் இது. 2001-இல் முதல் தடவையாக இந்த முறையில் இயன் டங்கன் ஸ்மித் வந்தார். அப்போது கட்சி எதிர்க்கட்சியாக இருந்ததால் எத்தனை வாரம் ஆனாலும் யாருக்கும் உறுத்தவில்லை. ஆளுங்கட்சியாக இருக்கும்போது இதே விதி என்ன செய்யும் என்பது 2019-இல் பாதியும் 2022-இல் முழுதுமாகத் தெரிந்தது.

2022-இன் முதல் கட்டத்தைப் பாருங்கள். வேட்புமனு ஜூலை 12, குறைந்தது 20 எம்.பி.க்களின் ஆதரவு வேண்டும். எட்டுப் பேர் நின்றார்கள். 13, 14, 18, 19, 20 என்று ஐந்து சுற்று. நடுவில் ஒரு சனி, ஞாயிறு. 358 எம்.பி.க்களை வைத்துக்கொண்டு இதை எட்டே நாளில் முடித்தது உண்மையில் வேகம்தான். இதையும் ஒரே நாளில் முடித்திருக்கலாமே, முதல் விருப்பம், இரண்டாம் விருப்பம் என்று ஒரே சீட்டில் எழுத வைத்தால் போதுமே என்று கேட்கலாம். தொழில்நுட்பமாகச் சரி. ஆனால் எம்.பி.க்களுக்கு அது பிடிக்காது. ஒவ்வொரு சுற்றும் அவர்களுக்குப் பேரம் பேசக் கிடைக்கும் இடைவேளை. நான்காவது சுற்றில் சுனக் 118, பென்னி மோர்டன்ட் 92, ட்ரஸ் 86, கெமி பேடனாக் 59. பேடனாக் வெளியேறினார். மறுநாள் ஐந்தாவது சுற்றில் சுனக் 137, ட்ரஸ் 113, மோர்டன்ட் 105. அந்த 59 ஓட்டுக்குச் சமமாகத்தான் மூவரும் கூடியிருக்கிறார்கள்: ட்ரஸ்ஸுக்கு 27, சுனக்குக்கு 19, மோர்டன்டுக்கு 13. ட்ரஸ் மூன்றாம் இடத்திலிருந்து இரண்டாம் இடத்துக்கு வந்தது அந்த ஒரே இரவில். பேடனாக்கின் ஆட்கள் அப்படியே பிரிந்து போனார்களா, இல்லை உள்ளுக்குள் வேறு மாற்றங்களும் நடந்து கணக்கு இப்படி நேரானதா என்பது ரகசிய ஓட்டு என்பதால் வெளியே தெரிய வழியில்லை. ஆனால் அந்த இரவுக்காகத்தான் தனித்தனிச் சுற்று வைக்கிறார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஜூலை 20-இல் இரண்டு பேர் மிச்சம். முடிவு செப்டம்பர் 5. மீதி ஆறரை வாரமும் உறுப்பினர் ஓட்டுக்குப் போனது. இங்கேதான் என் தொழில் வருகிறது.

தபால் ஓட்டில் மக்கள் நினைப்பது போல எண்ணுவது பெரிய வேலை இல்லை. சீட்டில் பார்கோடு இருக்கும், இயந்திரம் படித்துவிடும். ஒன்றரை லட்சம் சீட்டு ஒரு பொருட்டே இல்லை. நாளைத் தின்பது பட்டியல். யார் யார் உறுப்பினர் என்று ஒரு தேதியில் கோடு போட வேண்டும். கன்சர்வேடிவ் கட்சியில் மூன்று மாதமாவது உறுப்பினராக இருந்தால்தான் ஓட்டு. போட்டி அறிவித்த பிறகு ஆள் சேர்த்துப் புகுந்துவிடக் கூடாதே. பட்டியலைத் திறந்தால் ஒரே ஆள் பழைய முகவரியிலும் புது முகவரியிலும் இரண்டு தடவை இருப்பார். இறந்துபோனவர் இருப்பார். சந்தா ஒரு மாதம் தவறியவர் தனக்கு ஓட்டு உண்டு என்று சண்டைக்கு வருவார். இதைச் சலித்த பிறகுதான் ஆளுக்கொரு ரகசியக் குறியீட்டோடு சீட்டு அச்சாகும், வேட்பாளர்களின் அறிக்கையோடு உறைக்குள் போகும். உறை போய்ச் சேர்ந்து ஒரு வாரத்தில் “எனக்கு வரவில்லை” என்று அழைப்புகள் தொடங்கும். ஒவ்வொருவருக்கும் பழைய குறியீட்டை முடக்கிவிட்டுப் புதுசு அனுப்ப வேண்டும். அப்படி அனுப்பிய மறுநாளே பழைய உறை சோபாவுக்கு அடியிலிருந்து கிடைத்துவிடும், அதில் போட்டு அனுப்பிவிடுவார். ஒரே வீட்டில் கணவனும் மனைவியும் உறுப்பினர் என்றால் ஒருவர் உறையை இன்னொருவர் கிழித்து, ஒருவர் குறியீட்டில் இன்னொருவர் ஓட்டுப் போட்டிருப்பார். நான் பார்த்த ஓட்டெடுப்பு எதிலும் இந்த வகைத் தம்பதி இல்லாமல் இருந்ததில்லை. வெளிநாட்டு முகவரிகள் தனிக் கதை. இவ்வளவையும் யாரும் கேஸ் போட முடியாதபடி செய்ய, சொந்த அனுபவத்தில், மூன்றிலிருந்து நான்கு வாரம் வேண்டும்.

2022-இல் இதன் மேல் இன்னொன்றும் சேர்ந்தது. தபாலிலும் போடலாம், இணையத்திலும் போடலாம், மனம் மாறினால் கடைசி நாளுக்குள் இணையத்தில் போய் மாற்றிக்கொள்ளலாம் என்று முதலில் யோசித்திருந்தார்கள். இணையப் பாதுகாப்பைக் கவனிக்கும் அரசு அமைப்பு எச்சரித்ததால், ஓட்டை மாற்றும் வசதியைக் கைவிட்டார்கள். அதனால் ஆகஸ்ட் முதல் வாரத்தில் போக வேண்டிய சீட்டுகள் தாமதமாகி, ஆகஸ்ட் 11-க்குள் வந்து சேரும் என்று அறிவித்தார்கள். செப்டம்பர் 2 மாலை ஓட்டு முடிந்தது. மொத்தம் 1,72,437 பேருக்கு உரிமை. ட்ரஸ்ஸுக்கு 81,326, சுனக்குக்கு 60,399, செல்லாதவை 654. அந்த 654-ஐப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருக்கிறது, நல்ல சுத்தமான வேலை.

சரி, என் கணக்கில் மூன்று நான்கு வாரம். அவர்கள் எடுத்தது ஆறரை. மிச்சம் எதற்கு? நாடு முழுக்கப் பன்னிரண்டு கூட்டங்கள் வைத்தார்கள். லீட்ஸில் தொடங்கி வெம்ப்லியில் முடிந்தது. ஜூலை 21-லிருந்து செப்டம்பர் 5 வரை நாடாளுமன்றத்துக்குக் கோடை விடுமுறை. அதோடு பொருந்துகிற மாதிரி கால அட்டவணை அமைந்தது. இந்த அட்டவணையை எழுதியது ‘1922 கமிட்டி’ என்ற கட்சி எம்.பி.க்களின் குழுவும் கட்சி வாரியமும். வேறு வழியே இல்லை என்று அவர்கள் சொல்ல முடியாது. ஜூலை 7 அன்றே முன்னாள் பிரதமர் ஜான் மேஜர், கமிட்டித் தலைவர் கிரஹாம் பிரேடிக்குக் கடிதம் எழுதி வழி சொன்னார்: துணைப் பிரதமர் டொமினிக் ராப் தற்காலிகமாகப் பொறுப்பேற்கட்டும், அல்லது எம்.பி.க்கள் உடனே ஒருவரைத் தேர்ந்தெடுத்து, உறுப்பினர்கள் பிறகு ஒப்புதல் கொடுக்கட்டும். இரண்டையும் எடுத்துக்கொள்ளவில்லை.

அக்டோபரில் பாருங்கள், அதே கட்சி, அதே இரண்டு கட்ட விதி. ட்ரஸ் விலகுவதாகச் சொன்னது வியாழக்கிழமை. திங்கட்கிழமை பிற்பகல் 2 மணிக்குள் 100 எம்.பி.க்களின் ஆதரவோடு மனு வேண்டும் என்றார்கள். இருந்ததே 357 எம்.பி.க்கள், மூன்று பேருக்கு மேல் நிற்கவே முடியாது. எம்.பி.க்கள் ஓட்டு அன்றே, உறுப்பினர் ஓட்டு இணையத்தில், வெள்ளிக்கிழமை 28-ஆம் தேதி முடிவு. ஆக எட்டு நாளில் எல்லாம் முடியும் என்று திட்டம். கரீபியனில் விடுமுறையில் இருந்த ஜான்சன் அவசரமாகத் திரும்பி வந்தார், ஞாயிறு இரவு போட்டியில்லை என்றார். மோர்டன்ட் கெடு முடியும் நிமிடங்களில் ஒதுங்கினார். சுனக் ஒருவரே மிச்சம், உறுப்பினர்களுக்குச் சீட்டே போகவில்லை. ஒரு எண்ணை 20-லிருந்து 100 ஆக்கியதும், தபாலைக் கைவிட்டதும்தான் வித்தியாசம். உறுப்பினர்கள் வரைக்கும் போகாமல் முடிய வேண்டும் என்பதற்காகவே 100 என்று வைத்தார்களா? அப்படி யாரும் வெளிப்படையாகச் சொல்லவில்லை. ஆனால் அந்த வார இறுதியில் பவுண்டும் கடன் பத்திரச் சந்தையும் ஆட்டம் கண்டிருந்த நிலையில், அதை எதிர்பார்க்காமல் வைத்திருப்பார்கள் என்று நம்புவது கஷ்டம். ஆகவே கேள்விக்கு என் பதில்: இரண்டு மாதத்தில் ஒரு பாதிக்கு மேல் உறுப்பினர் ஓட்டு என்ற ஏற்பாட்டின் நியாயமான விலை. மிச்சம் கட்சி விரும்பி எடுத்தது, ஏனென்றால் ஜூலையில் சந்தை யாரையும் விரட்டவில்லை.

நீண்ட போட்டி வெறும் வீண் என்று சொல்லிவிடவும் மாட்டேன். ஆகஸ்ட் 1 இரவு ட்ரஸ் தரப்பு, அரசு ஊழியர் சம்பளத்தை வட்டாரத்துக்கு வட்டாரம் மாற்றி 880 கோடி பவுண்டு மிச்சம் பிடிப்போம் என்று அறிக்கை விட்டது. லண்டனுக்கு வெளியே வேலை செய்யும் ஆசிரியருக்கும் நர்ஸுக்கும் சம்பளம் குறையுமா என்று அவர் கட்சிக்காரர்களே பிடித்துக்கொண்டார்கள். மறுநாள் மதியத்துக்குள் வாபஸ். ஐந்து நாள் போட்டியில் இது வெளியே வந்திருக்காது. சுனக்கும் அந்த ஆறு வாரம் முழுக்க, கடன் வாங்கி வரியைக் குறைத்தால் வட்டி ஏறும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். எச்சரிக்கை எல்லோர் காதிலும் விழுந்தது, ஓட்டு மாறவில்லை. ஜூலையில் எடுத்த கருத்துக்கணிப்புகளிலேயே உறுப்பினர்களிடையே ட்ரஸ் நன்றாக முன்னால் இருந்தார். அதனால் இரண்டு வாரத்தில் முடித்திருந்தாலும் அவர்தான் வந்திருப்பார் என்று தோன்றுகிறது. தோன்றுகிறது என்பதற்கு மேல் சொல்ல எனக்குத் துணிவில்லை.

மற்ற நாடுகளிலும் இதே கதைதான், யாரிடம் ஓட்டு என்பதைப் பார்த்தால் எத்தனை நாள் என்று சொல்லிவிடலாம். ஆஸ்திரேலியாவில் 2010 ஜூன் 23 மாலை ஜூலியா கில்லர்ட், கெவின் ரட்டுக்குச் சவால் விட்டார்; 24-ஆம் தேதி பிரதமர். எம்.பி.க்கள் மட்டும் போடும் ஓட்டு. பிரதமரை இப்படி ராத்திரியோடு ராத்திரியாக மாற்றியது அசிங்கமாகப் போய், 2013-இல் மறுபடி பிரதமராக வந்த அதே ரட், தொழிற்கட்சியில் உறுப்பினர்களுக்குப் பாதி ஓட்டு கொடுத்தார், பதவியில் இருக்கும் பிரதமரை எதிர்க்க எம்.பி.க்களில் நான்கில் மூன்று பங்கு வேண்டும் என்றார். வேண்டுமென்றே தாமதத்தைக் கட்சி விதியாக்கினார்கள், தாமதம் பிரதமருக்குப் பாதுகாப்பு என்பதால். கனடாவில் 2025 ஜனவரி 6 அன்று ட்ரூடோ விலகுவதாகச் சொன்னார், மார்ச் 9-இல் கார்னி ஜெயித்தார், 14-இல் பதவியேற்றார். அங்கே லிபரல் கட்சியில் பதிவு இலவசம் என்பதால் நாலு லட்சம் பேர் வரை பதிந்தார்கள். ஆனால் ஆள் அடையாளத்தை உறுதி செய்துதான் ஓட்டுப் போட வேண்டும், கடைசியில் போட்டவர்கள் ஒன்றரை லட்சம் சொச்சம். என் வேலையில் இருந்த யாருக்கும் இது ஆச்சரியமாக இருந்திருக்காது. ஜப்பானின் லிபரல் ஜனநாயகக் கட்சிதான் இதில் கெட்டிக்காரர்கள்: உறுப்பினர் எல்லோரும் போடும் முழு முறை, எம்.பி.க்களும் மாகாணப் பிரதிநிதிகளும் மட்டும் போடும் அவசர முறை என்று விதியிலேயே இரண்டை வைத்திருக்கிறார்கள். 2020-இல் அபே உடல்நிலை காரணமாக விலகுவதாகச் சொன்ன பதினேழாவது நாள் சுகா தலைவரானது அவசர முறையில்.

கடைசியாக, நடுவில் யார் நடத்தினார்கள் என்ற கேள்வி. சட்டப்படி ஜான்சன்தான், அதிகாரத்தில் ஒரு துளி குறையாமல். தற்காலிகப் பிரதமர் என்று பிரிட்டிஷ் சட்டத்தில் ஒரு பதவியே கிடையாது. ஆனால் ஜூலை 7 அன்றே அமைச்சரவையில், புதுக் கொள்கை எதுவும் கொண்டுவர மாட்டேன், பெரிய நிதி முடிவுகளை அடுத்தவருக்கு விட்டுவிடுகிறேன் என்று சொல்லிவிட்டார். மரபுக்கு அது சரி. நடந்தது என்னவென்றால், ஆகஸ்ட் 26 அன்று எரிசக்தி ஒழுங்குமுறை அமைப்பு, சராசரி வீட்டின் வருடாந்திர மின்சார, எரிவாயுக் கட்டண உச்சவரம்பு அக்டோபர் 1-லிருந்து 1,971 பவுண்டிலிருந்து 3,549 பவுண்டாகும் என்று அறிவித்தது. விலகுகிற பிரதமர் அடுத்தவர் பார்த்துக்கொள்வார் என்றார். போட்டியிட்ட இருவருக்கும் ஜெயிக்கும் வரை அதிகாரம் இல்லை. நாடாளுமன்றம் விடுமுறையில் இருந்தது. கட்டணத்தை 2,500 பவுண்டில் நிறுத்துவோம் என்று ட்ரஸ் அறிவித்தது செப்டம்பர் 8-ஆம் தேதி. நடுவில் போன பதின்மூன்று நாளும், குளிர்காலத்தில் கடையைத் திறக்கலாமா மூடலாமா என்று கணக்குப் போட்ட, வீடுகளுக்கு இருந்த அந்த உச்சவரம்பும் இல்லாத பேக்கரிக்காரருக்கும் மீன் வறுவல் கடைக்காரருக்கும் பதில் சொல்ல ஆளில்லை.